கூடு மட்டாஞ்சேரியில், கூரை ஜெருசலேமில்

ஏலூரிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் பஸ்ஸிலும் போகலாம். தோளில் டிரைபாடும் லென்ஸ் பையும் தொங்கும் நாட்களில் நான் தண்ணீர் வழியாகத்தான் போவேன். வாட்டர் மெட்ரோவில் ஏலூரிலிருந்து சவுத் சிற்றூர், அங்கே இறங்கி ஹைகோர்ட் துறைக்கு ஒரு படகு, அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு இன்னொரு படகு, கடைசியில் ஒரு ஆட்டோ. ரசாயனத் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் பின்னால் சிறுத்துக்கொண்டே போகும், முன்னால் காயல் விரிந்துகொண்டே வரும். ஃபோர்ட் கொச்சியை நெருங்கும்போது எழுந்து நின்று ஒரு முழுச்சுற்று திரும்பிப் பார்த்தால் துறைமுகக் கிரேன்கள், வல்லார்பாடம் கண்டெய்னர் முனையம், கடலுக்குப் போகும் வாய், சீன வலைகள் எல்லாம் வரிசையாக வந்து மறுபடி முதல் இடத்திலேயே வந்து சேரும்.

அந்த ஒரு சுற்றை, அங்கே வர முடியாதவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நான் செய்துவரும் வேலை. தொழிலில் '360 டூர்' என்போம். பத்திரிகைத் தமிழில் மெய்நிகர் சுற்றுலா. இதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்பது என் எண்ணம். நின்ற இடத்தில் சுற்றுவது ஒன்று, அம்புக்குறியைத் தொட்டு அடுத்த இடத்துக்கு உலாவுவது இன்னொன்று. இரண்டும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன.

மட்டாஞ்சேரி என்றதும் எல்லோரும் யூதத் தெருவுக்குப் போவார்கள். 1568-இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடம், அதன் மணிக்கூண்டு, தரையில் பதித்த சீன ஓடுகள், தொங்கும் கண்ணாடி விளக்குகள். நான் அதையும் பார்ப்பேன். ஆனால் முதலில் கால் போவது இன்னொரு ஜெபக்கூடத்துக்கு. கடவும்பாகம் என்று பெயர். கடவு என்பது தமிழர்களுக்கும் தெரிந்த சொல்தான், படகுத்துறை. கடவின் பக்கம் இருந்ததால் கடவும்பாகம். கட்டிய ஆண்டு 1544, பரதேசி ஜெபக்கூடத்துக்கு 24 வயது மூத்தது. 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். தொழுகை நின்றது. கட்டடம் கைமாறிக் கிடங்காயிற்று. 2019 செப்டம்பரில் பெய்த அடைமழையில் அதன் முன்பக்கச் சுவர் இடிந்து விழுந்தது.

விழுந்தது கூடு மட்டும்தான். உள்ளே இருந்த மரவேலை முன்பே கடல் கடந்து போய்விட்டது. செதுக்கிய கூரையும் மரச் சித்திரங்களும் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய், 1990-களில் அங்கே ஒரு கூடமாக மறுபடி எழுந்தன. நம் கோயில்களிலும் கேரளப் பள்ளிவாசல்களிலும் காண்கிற அதே தச்சர் கைவரிசை அந்தக் கூரையில் தெரியும். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஜெருசலேம் கூடத்தில் வைத்திருக்கும் திருப்பேழை கடவும்பாகத்துடையது அல்ல, பரவூர் ஜெபக்கூடத்துடையது. கடவும்பாகத்தின் பேழை இஸ்ரேலில் நெஹாலிம் என்ற ஊரில் இருக்கிறது. பரவூரில் இப்போது அருங்காட்சியகமாகியிருக்கும் ஜெபக்கூடத்தில் நகலாகச் செய்த பேழையைத்தான் பார்க்க முடியும்.

ஆக ஒரு கட்டடத்தின் உடல் ஓரிடம், தலை ஓரிடம், நெஞ்சு ஓரிடம். விசா எடுத்து, விமானம் ஏறி, இந்த மூன்று இடத்தையும் ஒரே வாரத்தில் பார்த்தால்கூட ஒருவர் மனத்தில் அவை ஒரே அறையாகச் சேருமா என்பது சந்தேகம். ஒரு 360 டூரில் சேர்க்கலாம். மட்டாஞ்சேரிச் சுவருக்குள் நின்று தலையை உயர்த்தினால் வெறும் வானம். அந்த வானத்தின் மேல் ஒரு வட்டப் புள்ளி. அதைத் தொட்டால் ஜெருசலேம் கூரை. பார்வைத் திசை மாறாது, நிற்கும் உயரம் மாறாது, தலைக்கு மேல் மட்டும் மரம் வந்து நிற்கும். பல ஆண்டாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை இது. இந்தத் தொழில்நுட்பத்தை ஓட்டல் அறை காட்டவும் அடுக்குமாடி வீடு விற்கவும் பயன்படுத்துகிறார்கள். தப்பில்லை, எனக்கும் அதில்தான் சோறு. ஆனால் இது பிறந்ததன் பலன் இப்படிப்பட்ட வேலையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை சொல்வேன். கட்டைவிரலை முகத்துக்கு நேரே ஒரு அடி தள்ளிப் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை இடமும் வலமும் திருப்புங்கள். பின்னால் இருக்கும் ஜன்னலோடு ஒப்பிட்டால் விரல் நகர்வது போலத் தெரியும். விரல் நகரவில்லை. தலை திரும்பும்போது கண்ணும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். கேமராவிலும் இதே கதை. டிரைபாடின் மேல் கேமராவைச் சும்மா திருப்பினால் லென்ஸ் இடம் மாறிவிடும். முதல் படத்தில் தூணுக்கு இடப்பக்கம் தெரிந்த கதவு அடுத்த படத்தில் தூணுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் எந்த மென்பொருளாலும் இரண்டையும் ஒழுங்காகத் தைக்க முடியாது. அதனால் பனோ ஹெட் என்ற கருவியில் கேமராவைப் பின்னுக்குத் தள்ளி மாட்டி, லென்ஸுக்குள் ஒளிக்கதிர்கள் சந்திக்கும் புள்ளி சரியாகச் சுழலும் அச்சின்மேல் வரும்படி வைக்க வேண்டும். எடுப்பவர்கள் அதை நோடல் பாயின்ட் என்பார்கள். வெட்டவெளியில் ஒரு அங்குலம் பிசகினாலும் தப்பிக்கலாம். தாழ்ந்த கூரையுள்ள பழைய கேரள அறைகளில் சில மில்லிமீட்டர் பிசகினாலே உத்தரம் ஒடிந்ததுபோலத் தெரியும்.

என் வழக்கம் மீன்கண் லென்ஸில் சுற்றிலும் 6 படம், மேலே 1, கீழே 1. ஜன்னல் வெளிச்சமும் மூலை இருட்டும் ஒன்றாக இருக்கும் அறை என்றால் ஒவ்வொன்றையும் மூன்று வெளிச்ச அளவில் எடுக்க வேண்டும். ஒரு நிலைக்கு 24 படம். பிறகு தையல். பக்கத்துப் பக்கத்துப் படங்களில் ஒரே தூணின் மூலை, ஒரே கல்லின் வெடிப்பு எங்கே இருக்கிறது என்று மென்பொருள் தானே தேடிப் பிடித்துப் பொருத்தும். படம் திரும்பினாலும் சிறுத்தாலும் ஒரே புள்ளியை அடையாளம் காணும் இந்த வித்தையை 1999-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் லோ உருவாக்கினார். சிஃப்ட் என்று பெயர். மட்டாஞ்சேரிச் சுவர்கள் இதற்குச் சொல்லிவைத்தது போல. பாசி, வெடிப்பு, உதிர்ந்த சுண்ணாம்பு என்று பிடித்துக்கொள்ள ஆயிரம் இடம் உண்டு. புதிதாக வெள்ளையடித்த சுவரில்தான் அது திணறும்.

தைத்து முடித்தால் கிடைப்பது இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் நீளமான ஒரு செவ்வகம். உலகப் படத்தைச் சுவரில் மாட்டுவது போல, உருண்டையைப் பிரித்துத் தட்டையாக்கிய படம். நேர்கோடுகள் எல்லாம் வளைந்து கிடக்கும். இந்த விரிப்பு முறையை முதலில் கையாண்டவர் சுமார் 1,900 ஆண்டுக்கு முன் வாழ்ந்த டயர் நகரத்து மரினஸ். இதை நமக்குச் சொல்பவர் அலெக்சாண்டிரியாவின் தாலமி. தாலமியின் அதே நிலநூலில்தான் முசிறியும் வருகிறது. சங்கப் பாடல்கள் சொல்லும் அதே முசிறி, நான் படகேறும் இதே பெரியாற்றின் முகத்துவாரத்தில் இருந்த துறைமுகம். கம்ப்யூட்டரில் கொச்சியை விரித்துவைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து உடம்பு சிலிர்க்கும்.

நடுவில் ஆளை நிறுத்திச் சுற்றிலும் காட்சியை வைப்பது கம்ப்யூட்டர் கொண்டுவந்த யோசனை இல்லை. பனோரமா என்ற சொல்லையே கிரேக்கத்திலிருந்து ஒட்டி உண்டாக்கியது ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியரின் கண்காட்சிதான். 1787-இல் காப்புரிமை வாங்கி, 1793-இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டக் கட்டடம் எழுப்பினார். காசு கொடுத்துப் படியேறி நடு மேடையில் நின்றால் சுற்றிலும் ஓவிய நகரம். அடுத்த சில ஆண்டில் நம் பக்கத்துக் கதையும் அங்கே போயிற்று. 1799 மே மாதம் திப்பு சுல்தான் விழுந்தார். மறு ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையை 120 அடி நீளத்தில் அரைவட்டமாக வரைந்து லண்டனில் வைத்தார். கூட்டம் அலைமோதியது. அவர் அதுவரை இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பார்ப்பவர் நின்ற இடம் கோட்டைக்கு வெளியே, படையெடுத்தவர்களின் பக்கம். சுற்றிலும் காட்டிவிட்டால் முழு உண்மையும் வந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். டிரைபாடை எங்கே ஊன்றுகிறோம் என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

அதற்கும் வெகுகாலம் முன்பே மட்டாஞ்சேரியில் ஓர் அரசர் இதைவிட நல்ல பனோரமாவுக்குள் படுத்துத் தூங்கினார். டச்சு அரண்மனை என்று ஊர் சொல்கிறது. கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள், 1550-களையொட்டி, கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்காக. டச்சுக்காரர்கள் 1663-இல் புதுப்பித்ததால் பெயர் அவர்களுக்குப் போயிற்று. அதில் பள்ளியறை ஒன்று உண்டு. தாழ்ந்த மரக்கூரை, சுவர் முழுக்க ராமாயணம். தசரதரின் புத்திரகாமேஷ்டி யாகத்தில் தொடங்கி ராமர் அயோத்தி திரும்புவது வரை. காவியும் பச்சையும் மஞ்சளும் நெருங்கி நெருங்கி, ஒரு கை இடம்கூடச் சும்மா விடாமல் வரைந்திருக்கிறார்கள்.

அரண்மனை மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. டிரைபாட் விரிக்க வேண்டுமென்றால் முன்அனுமதி வேண்டும். நான் அங்கே டிரைபாட் விரித்ததில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று மெல்லத் திரும்பிப் பார்த்திருக்கிறேன், அதுவும் பல தடவை. புத்தகத்தில் அந்த ஓவியங்களைத் துண்டு துண்டாக அச்சிடுகிறார்கள். ராமர் ஒரு பக்கம், ராவணன் ஒரு பக்கம். அறைக்குள் நின்றால்தான் தெரிகிறது, அது சுற்றி வரும் கதை. ஒரு சுவரில் நடப்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு சுவரில் தொடர்கிறது. ஒரு தட்டைப் படத்தில் இதை எப்படிக் காட்டுவது? 360 படம் அந்த அறையின் இயல்புக்கே ஒத்துப்போவது. நம் ஓவியர்கள் பார்ப்பவரை நடுவில் வைத்துத்தான் யோசித்திருக்கிறார்கள்.

அங்கே எடுப்பவர்களுக்கு இரண்டு சங்கடம் காத்திருக்கிறது. ஒன்று, ஓவியத்தின் மேல் விளக்கு போடக் கூடாது. இருக்கும் மங்கல் வெளிச்சத்தில் பல நொடி திறந்துவைத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது தரை. கருப்புப் பளிங்கு என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள். எரித்த தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, செடிச் சாறு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகியது. ஜன்னலும் கேமராவும் டிரைபாடின் மூன்று காலும் அதில் நிழலாக மின்னும்.

தரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா 360 படத்திலும் கீழே ஓர் ஓட்டை இருக்கும், டிரைபாட் நின்ற இடம். சோம்பேறிகள் அங்கே ஒரு லோகோவை ஒட்டிவிடுவார்கள். கொஞ்சம் உழைப்பவர்கள் பக்கத்துத் தரையை நகலெடுத்து மூடுவார்கள். சிமெண்டுத் தரையில் அது யாருக்கும் தெரியாது. பரதேசி ஜெபக்கூடத்தில் அதே வேலையைச் செய்தால் அது பொய். அங்கே பதித்திருக்கும் வெள்ளை நீலச் சீன ஓடுகள் 18-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகக் கையால் வரைந்தவை. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஓர் ஓட்டை எடுத்து இன்னொன்றின் மேல் ஒட்டினால், இருந்த ஒன்றை அழித்து இல்லாத ஒன்றை உண்டாக்கிவிட்டோம் என்று பொருள். சரியான வழி, டிரைபாடை நகர்த்திவிட்டு அந்தத் தரையைத் தனியாக எடுத்து, கோணம் திருத்திப் பொருத்துவது. ஒரு நிலைக்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கீழே ஒட்டும் அந்த ஒரு கையகலத் தரையில் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

மென்பொருள்களின் கதை சுவையானது, கொஞ்சம் சோகமானதும்கூட. 1995-இல் ஆப்பிள் நிறுவனம் குயிக்டைம் விஆர் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரில் சுட்டியை இழுத்தால் அறை திரும்பிய முதல் அதிசயம் பலருக்கும் அதுதான். 1998-இல் ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கனில் பேராசிரியராக இருந்த ஹெல்முட் டெர்ஷ், பனோரமா டூல்ஸ் என்ற கருவிகளை எழுதி இலவசமாகக் கொடுத்தார். காப்புரிமைச் சச்சரவு வந்து அவர் ஒதுங்கிக்கொண்டபோது, பயன்படுத்தியவர்களே சேர்ந்து அந்தக் கணக்குகளை எடுத்து வளர்த்தார்கள். அதன் மேல் எழுந்ததுதான் ஹுகின். இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது. காசு கொடுத்தால் பிடிகுய் இருக்கிறது, தையலில் அதை மிஞ்ச ஆளில்லை. தைத்த படங்களை அடுத்தடுத்துக் கோத்து நடக்கவைக்க கேஆர்பனோ, பனோ டு விஆர் போன்றவை. ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக மேத்யூ பெட்ராஃப் எழுதிய பெனெல்லம் இருக்கிறது. ஒரு ஃபோல்டரில் படங்கள், ஒரு சின்ன ஜேசன் கோப்பு. எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு வழி, அந்த அம்புக்குறி எந்தத் திசையில் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று இரண்டு எண். பள்ளிப் பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

இப்போது என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். 2011-இல் மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகு, இஞ்சி, சுக்கு மூட்டை அடுக்கிய பழைய கிடங்குத் தெருவை ஒரு டூராக எடுத்தேன். 14 நிலைகள். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தது போல ஃபிளாஷில் ஏற்றி வெளியிட்டேன். இணையத்தில் இருக்கிறதே என்ற தைரியத்தில் மூலப் படங்களை ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். அது ஒரு மழைக்காலத்தில் போயிற்று. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷும் நின்றது, 2021 ஜனவரி 12 முதல் பழைய கோப்புகள் ஓடவே இல்லை. அந்தத் தெருவில் பல கிடங்குகள் இப்போது கஃபேயாகவும் கலைப்பொருள் கடையாகவும் மாறிவிட்டன. மூட்டை சுமந்தவர்கள் உட்கார்ந்து பீடி குடித்த திண்ணை என் படத்தில் இருந்தது. படமும் இல்லை, திண்ணையும் இல்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன், மூன்று பிரதி எடுத்து வைக்காதது நான்தான்.

எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை இது. குயிக்டைம் விஆர் படங்கள் இன்று எந்த உலாவியிலும் திறப்பதில்லை. கூகுளின் டூர் கிரியேட்டரை நம்பிப் பள்ளி ஆசிரியர்கள் எத்தனையோ டூர்கள் செய்தார்கள், 2021 ஜூன் 30-இல் அதுவும் மூடியது. தனி ஸ்ட்ரீட் வியூ செயலியும் 2023 மார்ச்சில் நின்றுபோயிற்று. மென்பொருள் வரும், போகும். மூலப் படம் இருந்தால் நாளைக்கு வரும் எதிலும் மறுபடி தைத்துக்கொள்ளலாம். கோயில் நிர்வாகமோ கல்லூரியோ ஊர்ச்சங்கமோ யாரிடமாவது காசு கொடுத்து டூர் செய்து வாங்கினால், இணைய முகவரி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். மூலப் படங்களையும் தைத்த முழு அளவுப் படங்களையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

2019 ஏப்ரலில் பாரீஸில் நோத்ரதாம் தேவாலயம் எரிந்தபோது, ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் முன்பே எடுத்து வைத்திருந்த லேசர் அளவைகள் இருந்தன. லேசர் கருவி நின்ற இடங்களிலேயே அவர் கோள வடிவப் பனோரமாவும் எடுத்திருந்தார். கூரை சரிந்தாலும் அது இருந்த விதம் கணக்காகக் கையில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கடவும்பாகம் சரிந்தபோது நமக்கு என்ன இருந்தது? ஜே வாரங்கர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கேரளத்தின் ஜெபக்கூடங்களை ஊர் ஊராகப் போய் அளந்து வரைந்து வைத்தவை இருந்தன. அந்த மனிதருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் நாமே எடுத்து வைத்தது என்று சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. அதன் எதிரே எத்தனை தடவை நடந்துபோயிருக்கிறேன்! பை தோளில் இருந்தது. நாளைக்கு எடுக்கலாம் என்று நினைத்தேன்.

அனுமதி, அந்தரங்கம் என்று இன்னொரு பக்கமும் உண்டு. 2011-இல் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார் பெங்களூரில் சுற்றத் தொடங்கியதும் போலீஸ் நிறுத்தியது. 2022 ஜூலையில்தான் இந்திய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னை உட்படப் பத்து நகரங்களில் அது வந்தது. இடையில் இருந்த 11 ஆண்டில் நம் தெருக்களும் கோயில்களும் இணையத்தில் சுற்றிப் பார்க்கக் கிடைத்தன என்றால், அதில் சொந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கும் பங்கு உண்டு. கொச்சி கடற்படையின் தெற்குத் தலைமையகம் இருக்கும் ஊர், டிரோனை நினைத்தபடி பறக்கவிட முடியாது. வழிபாட்டு இடத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தெருவில் நிற்பவர் முகம் தெரிய வேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும்.

ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள டோபி கானாவில் அப்படித்தான் கேட்டுக்கொண்டு எடுத்தேன். அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்பு வெளுக்க வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள். இப்போதுள்ள தொட்டிகளையும் கட்டடத்தையும் கொச்சி வளர்ச்சி ஆணையம் 1976-இல் கட்டிக் கொடுத்தது. பின்பக்க மைதானம் முழுக்கக் கொடிக்கயிறு. கிளிப் கிடையாது, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிடுவார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் போகாது.

தைத்த படத்தை ஒரு வாரம் கழித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு பெரியவர் போனை வாங்கினார். கையை நீட்டி உடம்போடு திரும்பினார். போன் திரும்ப உள்ளே மைதானமும் திரும்பியது.

"தம்பி, இதுல நான் எங்க நிக்கிறேன்?"

"நடுவுல ஐயா. நீங்க நிக்கிற இடத்துலதான் கேமரா நின்னுது."

இன்னொரு சுற்று சுற்றினார். சட்டென்று நின்றார்.

"இந்தப் பொடவைக்கு மூணு முந்தானையா?"

உண்மைதான். காற்றில் ஆடிய புடவை மூன்று படத்தில் மூன்று இடத்தில் பதிந்து, மென்பொருள் மூன்றையும் மங்கலாகச் சேர்த்துத் தைத்திருந்தது. கம்ப்யூட்டரில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தும் என் கண்ணில் படவில்லை. ஆயுள் முழுக்கத் துணி மடித்தவரின் கண்ணில் ஒரு நிமிடத்தில் பட்டது. அன்றிலிருந்து எந்த இடத்தை எடுத்தாலும் வெளியிடுவதற்கு முன் அந்த இடத்து ஆள் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறேன். படத்தின் மேல் தொட்டால் வரும் குறிப்புகளையும் அவர்களே சொல்ல, அவர்கள் குரலிலேயே பதிகிறேன். எந்தத் தொட்டியில் யார் அப்பா நின்றார், கஞ்சி போட்ட துணியை எந்தப் பக்கம் காயப்போடுவார்கள் என்பதெல்லாம் எந்த வழிகாட்டி நூலிலும் வராது.

மட்டாஞ்சேரி அழகான ஊர், அதனால் அதை எடுக்க ஆள் வருகிறார்கள். நான் தங்கும் ஏலூரை யாரும் 360-இல் எடுப்பதில்லை. 1943-இல் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் காலத்தில் திருச்சி சேஷசாயி சகோதரர்கள் முன்நின்று தொடங்கிய ஃபேக்ட் உரத் தொழிற்சாலை 1947-இல் உற்பத்திக்கு வந்தது. இன்றும் ஃபேக்ட் என்றால்தான் ஏலூர். பிறகு டிடிடி ஆலை, இன்னும் பல ஆலைகள். சோறும் போட்டது, ஆற்றின் நிறத்தையும் மாற்றியது. 2024 மே மாதம் பாதாளம் தடுப்பணைக்குக் கீழே பெரியாறு முழுக்க மீன் செத்து மிதந்தது. கூண்டில் மீன் வளர்த்தவர்கள் விற்பனைக்கு வைத்திருந்த மீனெல்லாம் ஒரே இரவில் போயிற்று. கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு தண்ணீரில் அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மிகுந்திருந்ததாகச் சொன்னது. வேறு துறைகள் வேறு காரணம் சொன்னன.

சாதாரண போட்டோவில் எடுப்பவர் ஒரு சட்டம் போட்டுவிடுகிறார். செத்த மீனை மட்டும் காட்டலாம், ஆலையை வெட்டிவிடலாம், அல்லது அப்படியே மாற்றிச் செய்யலாம். சுற்றுப்படத்தில் மீன், கரை, கதவணை, புகைபோக்கி, கூண்டுக்காரர் வீடு எல்லாம் அது அது அந்தந்த இடத்திலேயே இருக்கும். எது எதற்கு எவ்வளவு அருகில் என்பது பார்ப்பவருக்கே தெரிந்துவிடும். அதனால் ஏலூர்க் கரையில் ஓரிடம் பார்த்து வைத்திருக்கிறேன். கல்லில் சுண்ணாம்பால் மூன்று புள்ளி, டிரைபாடின் மூன்று காலுக்கு. மாதம் ஒரு தடவை, அதே உயரம், அதே லென்ஸ், கேமராவின் முதல் பார்வை எப்போதும் வடக்கு. ஒரு மாதப் படத்தின் மேல் அடுத்த மாதப் படத்தை வைத்தால் ஆறு மட்டும்தான் மாறியிருக்கும்.

போன வாரம் மட்டாஞ்சேரியிலிருந்து திரும்பி இறங்கும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்கு எழுத வேண்டிய அனுமதிக் கடிதம் பைக்குள் பாதி எழுதியபடி கிடந்தது. புள்ளிகளில் காலை வைத்து டிரைபாடை நிமிர்த்தினேன். சுற்றிலும் ஆறு, மேலே ஒன்று. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையன் பக்கத்தில் வந்து நின்று ஆற்றில் எதை எடுக்கிறேன் என்று கேட்டான். எல்லாவற்றையும் என்றேன். டிரைபாடை அப்பால் நகர்த்திவிட்டு, அது நின்ற தரையை எடுக்கக் குனிந்தபோது, தன் நிழல் விழாதபடி அவனே இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான்.